கொச்சிக்குப் போகும் வண்டி

கோயம்புத்தூர் விமான நிலையத்தை ஒட்டிய பீளமேட்டில் கோவிந்தராஜுலு வீட்டு மொட்டை மாடியில் நின்றால், இறங்குகிற விமானத்தின் சக்கரம் வரைக்கும் தெரியும். அவர் பிழைப்போ, வெளிநாடு போகிற ஊர்க்காரர்களைக் காரில் கொச்சி விமான நிலையத்துக்குக் கூட்டிப்போவது. எந்த நாட்டு விமானம் எந்த ஊரில் இறங்கலாம் என்பதை இரண்டு அரசாங்கங்கள் பேசி முடிவு செய்கின்றன. வளைகுடா விமானக் கம்பெனி ஒன்று இங்கே வரத் தயார். அந்த நாட்டோடு போட்ட ஒப்பந்தத்தில்தான் கோயம்புத்தூர் பெயர் இல்லை. நூலும் பம்புசெட்டும் கப்பலேறிப் போகிற ஊருக்கு இந்தக் கொடுமை!

கோவிந்தராஜுலுவுக்கு அதில் கொடுமை ஒன்றும் தெரியவில்லை. அந்த உரிமை கேட்டு ஊர்க்காரர்கள் உள்ளூர் விமான நிலைய வாசலில் கூட்டம் போட்டால் நைசாக நழுவிவிடுவார். "நம்மூரு பேரைச் சேத்துப்போட்டா எம்பொழப்பு என்னாகறதுங்க?" என்பார். நியாயம்தானே. கொச்சி ரோட்டில் ஓட்டித்தான் மகள் அக்ஷிதாவை நர்ஸுக்குப் படிக்க வைத்தார். அவளும் வளைகுடாவுக்கே வேலைக்குப் போனாள்.

போன மழைக்காலத்தில் மனைவி பத்மாவதி நெஞ்சுவலியில் விழுந்தார். டாக்டர் கையை விரித்துவிட்டார். அக்ஷிதா கிடைத்த விமானத்தில் கொச்சிக்கு ஏறினாள்.

"நாம்போயிக் கூட்டிட்டு வாரேன்," என்று எழுந்தார் கோவிந்தராஜுலு.

கூட வண்டி ஓட்டுகிற ரவிதேஜா மறித்தான். "ஏனுங்கண்ணா, நீங்க அண்ணி பக்கத்துல இருங்க. நாம்போறனுங்க."

"ஊர்ப்புள்ளைகளையெல்லாம் நாங்கூட்டிட்டு வந்தேன். எம்புள்ளை இன்னொருத்தன் வண்டில வரோணுமா?"

வறட்டு கௌரவம். வேறென்ன சொல்ல?

திரும்பும்போது வாளையாரில், ஊர் எட்டிப் பிடிக்கிற தூரத்தில், ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. வண்டிகள் அசையவில்லை. அங்கே நிற்கையில்தான் ரவிதேஜாவின் போன் வந்தது. பத்மாவதி போய்விட்டார்.

"நைனா, நீங்களாவது அம்மாகூட இருந்திருக்கலாமே," என்று அழுதாள் அக்ஷிதா.

காரியமெல்லாம் முடிந்து, மகளைத் திரும்பவும் கொச்சியில் விட்டுவிட்டு வந்தார். அந்த வாரமே விமான நிலைய வாசலில் கூட்டம். முன்வரிசையில் கோவிந்தராஜுலு! ரவிதேஜா பதறிப்போனான்.

"அண்ணா, நம்ம பொழப்புல நாமளே மண்ணப் போட்டுக்கறதுங்களா?"

"பொழப்பு வேற பாத்துக்கலாம் கண்ணு. 'அக்ஷிதா எங்க வந்துட்டிருக்கா'ன்னு உங்கண்ணி கடைசியாக் கேட்டாள்ல. நீ என்ன சொன்னே?"

ரவிதேஜா தலையைக் குனிந்துகொண்டான்.

"வாளையார் வந்துட்டாங்கன்னு சொன்னனுங்க. அப்புறம் அண்ணி வாசலையே பாத்துட்டிருந்தாங்க."