பூட்டுப் போட்ட வயர்லெஸ் செட்

"சார், சுத்தி நிக்கிறாங்க. செட்டைக் குடுன்னு கேக்குறாங்க."

வயர்லெஸ்ஸில் கவிதா இதைச் சொன்னாள். திருக்கடையூருக்குக் கிழக்கே, கிராமத்துக் கிணறுகளில் உப்பு ஏறுகிறதா என்று பார்க்கும் குழு எங்களுடையது. அவள் தண்ணீரை அளந்து சொல்வாள். நான் வாய்க்கால் கரையில் ஜீப்பில் உட்கார்ந்து குறித்துக்கொள்வேன். செட்டுகளைத் தயார் செய்ததும் நான்தான். லோ பவர் செட், அடுத்த ஊர் வரைதான் எட்டும், ஆனால் பேட்டரி நாள் கணக்கில் நிற்கும். பேச்சை வெளியாள் கேட்க முடியாதபடி என்கிரிப்ஷன் பூட்டும் உண்டு. உப்புக் கணக்கு நிலப் புரோக்கர் காதில் விழுந்தால் நிலத்தை அடிமாட்டு விலைக்குக் கேட்பான், வெளியே விட்டால் வேலையில் இருக்க மாட்டாய் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார்.

அப்போது எண்ணெய்க் கிணறு தோண்டப்போகிறார்கள் என்று டெல்டாவே கொதித்துக்கொண்டிருந்தது. கம்பெனி வண்டி வருகிறதா என்று பார்க்க, ஊர்க்காரர்கள் சாதாரண வாக்கி டாக்கியோடு வயலில் காவல் நின்றார்கள். எங்கள் பேச்சு அதில் வெறும் கரகரப்பாக விழுந்திருக்கிறது. இப்படி ரகசியமாகப் பேசுகிறவர்கள் கம்பெனி ஆட்கள்தான் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

செட்டில் அவசரப் பொத்தான் இருந்தது. அமுக்கினால் அடுத்த ஊர் ஸ்டேஷனிலிருந்து போலீஸ் வரும். வந்தால் தடியடி, வழக்கு. அதற்குள் நடுவில் நிற்கும் கவிதாவுக்கு என்ன ஆகுமோ. பொத்தானை விட்டுவிட்டேன். பூட்டை எடுத்து, அவர்கள் சானலிலேயே என் பெயரையும் வேலையையும் சொன்னேன்.

காவலில் நின்ற ஒரு பெண் பதில் பேசினார்.

"கம்பெனி இல்லன்னா, எங்க கெணத்துல என்ன பாத்தீங்கன்னு சொல்லுங்க. புள்ளைங்க அதத்தான் குடிக்குது."

எந்தப் புரோக்கர் கேட்டுக்கொண்டிருந்தானோ, தெரியாது. என் வேலையும் கண்முன் வந்து நின்றது.

"உப்பு ஏறிடுச்சுங்க. குடிக்கக் குடுக்காதீங்க" என்றேன்.

செட்டை ஜீப்பிலேயே போட்டேன். கவிதாவை அடித்துவிடுவார்களோ என்று ஜீப்பை விட்டு இறங்கி ஓடினேன். அவள் எதிரே வரப்பில் வந்துகொண்டிருந்தாள். கூடவே அந்தப் பெண்ணும் வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இதையா சார் எங்களுக்குத் தெரியாமப் பேசிக்கிட்டீங்க?" என்றார்.

எனக்கு மெமோ வந்தது, வேலை தப்பியது. புதிதாகச் சேருகிறவர்களுக்குச் செட்டைக் கையில் கொடுக்கும்போது ஒன்றுதான் சொல்வேன்: முதலில் கிணற்றுக்காரரிடம் சொல்லுங்கள், அப்புறம் பூட்டைப் போடுங்கள்.