யூபோனியத்தைத் தூக்கிக்கொண்டு நான்கு சித்திரை வீதிகள்

இதில் நடந்தது அத்தனையும் இப்படித்தான் நடக்கும் என்று முன்கூட்டியே சொன்னவன் நான். அன்றைக்குக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

போன வாரம் ஒருவர் இந்த வலைப்பூவுக்கு எழுதிக் கேட்டிருந்தார். திருச்சியில் வேலைக்குப் போகிற பதினைந்து பேர் சேர்ந்து, ஞாயிறுதோறும் கூடி, ஊதுகிற வாத்தியங்களாக வாசிக்கிறார்களாம். உறையூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஒரு கல்யாண ஊர்வலத்துக்குப் போக வேண்டுமாம். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் ஆகும், நடந்துகொண்டே வாசிக்க முடியுமா என்று கேள்விகள். இதற்குப் பதில் சொல்லத் தகுதியான ஆள் மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான் மிச்சம். எட்டாவது பாதியில் நின்றவன், ஒற்றை விரலால் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1961, வைகாசி மாதம். எனக்கு இருபத்து மூன்று வயது. மணப்பாறையில் எங்களுக்கு முறுக்குக் கடை. ஆனால் சனிக்கிழமை மதியம் வந்தால் நான் கடையில் இருக்க மாட்டேன். ஒன்று நாற்பது ரயிலைப் பிடித்தால் மூன்று மணிக்குத் திருச்சி ஜங்ஷன். மூன்றாம் வகுப்பு டிக்கெட் எண்பது நயா பைசா. அங்கிருந்து உறையூருக்கு மூன்று மைல், டவுன் பஸ்ஸில் பத்து நயா பைசா. என் வாத்தியம் யூபோனியம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மடியில் வைத்தால் கைக்குழந்தை மாதிரி உட்காரும், வாய் அண்டா மாதிரி இருக்கும், குரல் அடிவயிற்றில் இருந்து வரும். நான் ஒரு தடவை ஜங்ஷனில் சும்மா ஊதிப் பார்த்தபோது, திண்டுக்கல் வண்டி கிளம்பிவிட்டது. கார்டு விசில் என்று நினைத்துவிட்டார்களாம்.

உறையூரில் காதர் பாய் என்று ஒரு தையல்காரர். அவர்தான் எங்கள் பேண்டுக்கு மாஸ்டர், பெரிய டிரம்மும் அவர்தான். தையல் கடைக்குப் பின்னால் இருந்த காலி மனையில் ஒத்திகை. மொத்தம் பதினோரு பேர். நெசவாளி, சைக்கிள் கடைக்காரர், தபால்காரர் என்று எல்லாரும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். எங்களில் ஒரே ஒருவருக்குத்தான் நிஜமாகவே வாசிக்கத் தெரியும். அவர் செபஸ்தியான் அண்ணன். நாற்பது வயது, சுருட்டு சுற்றும் தொழிலாளி. கிளாரினெட். மெட்டு அவரிடம் இருக்கும், மற்ற எல்லாரும் அதற்கு முட்டுக் கொடுப்பவர்கள்.

முதல் நாள் என்னைப் பார்த்ததும் கேட்டார். "தம்பிக்கு எந்த ஊரு?"

"மணப்பாறைங்கண்ணே."

"அதான். நீ ஊதினதும் மாட்டுச்சந்தை ஞாபகம் வந்துச்சு."

அன்றிலிருந்து எனக்குச் சந்தை என்றே பெயர்.

இப்போது முக்கியமான விஷயம். எங்கள் பேண்டு அதிகமாகப் போனது சாவு வீட்டுக்குத்தான். உறையூர், பாலக்கரைப் பக்கம் யார் இறந்தாலும் பெட்டிக்கு முன்னால் நாங்கள் நடப்போம். நடந்துகொண்டே வாசிக்க எங்களுக்கு முழுசாகத் தெரிந்த பாட்டு ஒன்றே ஒன்று. பட்டாளத்து அணிவகுப்பு மெட்டு ஒன்றை, பாய் நிமிஷத்துக்கு ஐம்பது அடி என்று இறக்கி வைத்திருந்தார். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் பந்தலில் நின்றபடி சினிமாப் பாட்டு வாசித்துவிட்டு வருவதோடு சரி.

ஸ்ரீரங்கத்து வீட்டார் கேட்டதோ மாப்பிள்ளை ஊர்வலம். திறந்த காரில் மாப்பிள்ளை, முன்னால் பேண்டு, கோயிலைச் சுற்றியிருக்கிற நான்கு சித்திரை வீதியும் நடந்து வர வேண்டும். பாய் யோசித்தார். அதே பாட்டை நிமிஷத்துக்கு நூற்றுப் பத்து அடியாக ஓட்டினால் கல்யாணப் பாட்டு, யாருக்குத் தெரியப்போகிறது என்றார். ஆறு சனிக்கிழமை அந்த மனையைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். பாய் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கத்துவார். "காலைத் தூக்குங்கப்பா. பின்னால பொட்டி வரல, காரு வருது."

எங்கள் பேண்டில் ஒரு வழக்கம் உண்டு. முதல் வரிசையில் செபஸ்தியான் அண்ணன் மட்டும் தனியாக நடப்பார். பிறகு கார்னெட் என்கிற குட்டை எக்காளங்கள், பிறகு நான், கடைசியில் பாயின் டிரம். பாய் தலையைச் சாய்த்து, இடுக்கு வழியாக அண்ணனின் குதிகாலைப் பார்த்துத்தான் அடிப்பார். குதிகால் விழுந்தால் அடி விழும். அவர் வேகமாக நடந்தால் வேகம், மெதுவாக நடந்தால் மெது. நாங்கள் டிரம்முக்கு ஊதினோம், டிரம் அந்தக் காலுக்கு அடித்தது.

ஆனால் அந்த ஆறு சனிக்கிழமையில் முதல் இரண்டுக்குப் பிறகு அண்ணன் வரவில்லை. இருமல். டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி ஊதக் கூடாது, சுருட்டு இலை இருக்கும் பக்கமே போகக் கூடாது என்று சொல்லியிருந்தார். மெட்டு இல்லாமல் பத்துப் பேர் முட்டுக் கொடுத்துக்கொண்டு நடந்தோம். ஸ்ரீரங்கம் வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிடலாமா என்று பாய் பேச ஆரம்பித்திருந்தார்.

கடைசிச் சனிக்கிழமை, மாலை நான்கேகால் மணிக்கு, உறையூர் முனை டீக்கடையில் அண்ணனைப் பார்த்தேன். தோளில் கிளாரினெட் பெட்டி. நான் அப்போதே சொன்னேன். "அண்ணே, இந்த ஊர்வலத்துக்கு நீங்க வராதீங்க. மூணாவது வீதியில உங்களுக்கு மூச்சு நின்னுடும்." எழுதிக் கொடுத்த மாதிரி வீதிக் கணக்கோடு சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "போடா சந்தை" என்றார்.

ஒத்திகையில் பாயும் கேட்டார். "டாக்டர் என்ன சொல்றாரு செபஸ்தியான்?"

"டாக்டருக்குக் கிளாரினெட் வாசிக்கத் தெரியாது பாய்."

ஞாயிறு மாலை நான்கரைக்கு உறையூரில் கிளம்பினோம். வாத்தியங்கள் பஸ் கூரையில். சத்திரம் பஸ் நிறுத்தத்தில் இறங்கி வேறு பஸ், ஸ்ரீரங்கத்துக்குப் பதினைந்து நயா பைசா, மொத்தத் தூரம் நான்கு மைலுக்குக் குறையாது. காவிரிப் பாலம் அப்போது பழைய பாலம், இப்போது நீங்கள் பார்க்கிற பாலம் இல்லை. கீழே வெறும் மணல். ஐந்தரைக்கெல்லாம் ஸ்ரீரங்கம். நான்கு சித்திரை வீதிகளும் சேர்ந்து ஒன்றரை மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் நான் மூன்று மைல் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

ஊர்வலம் ஆறு பத்துக்குத் தெற்குச் சித்திரை வீதியில் கிளம்பியது. இன்னும் வெளிச்சம் இருந்தது. மணப்பாறையிலிருந்து என் ஆட்கள் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். நான் மாப்பிள்ளை காருக்கு முன்னால் ஊதப்போகிறேன் என்று ஒரு மாதமாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன், வராமல் இருப்பார்களா. தெற்கு வீதியில் அண்ணன் வாசித்ததைப் போல நான் பிறகு எங்கேயும் கேட்கவில்லை. இதில் ஒரு எழுத்துகூடக் கூட்டிச் சொல்லவில்லை. சாவுக்கு வாசித்த அதே மெட்டுதான், துள்ளிக்கொண்டு போனது. மாடியில் இருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். மேல வீதியும் அப்படியே போனது. பாதி வீதியில் அவர் தோள் மட்டும் ஏறி ஏறி இறங்குவதைப் பின்னால் இருந்து பார்த்தேன்.

வடக்கு வீதியில் திரும்பினோம். அங்கேதான் அவர் கால் தளர்ந்தது. நின்றுவிடவில்லை, விழவும் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். பாய் குதிகாலைப் பார்த்தார், அடித்தார். நாங்கள் டிரம்மைக் கேட்டோம், ஊதினோம். நூற்றுப் பத்து தொண்ணூறானது, தொண்ணூறு எழுபதானது. எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும். வாரம் தவறாமல் நாங்கள் நடக்கிற நடை அது. கால்கள் வீட்டுக்கு வந்த மாதிரி நிம்மதியாக நடந்தன.

வீதிக்குத் தெரிந்துவிட்டது. பூக்கடைக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டே, கடைப்பலகை ஒன்றை எடுத்துப் பாதி அடைத்தார். சைக்கிளில் வந்தவர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். எதிர் வீட்டு வாசலில் ஒரு அம்மாள் குழந்தையை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். அந்தக் கதவு சாத்தியபோதுதான் நான் குனிந்து எங்கள் கால்களைப் பார்த்தேன்.

பெண்ணின் சித்தப்பா அங்கவஸ்திரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். கோபமாக இல்லை, அழுகிற மாதிரி இருந்தார்.

"என்னப்பா வாசிக்கறேள்? யாருக்கு முன்னாடி போறோம்னு ஞாபகம் இருக்கோ?"

பாய் டிரம்மை நிறுத்தினார். "அதே பாட்டுத்தான் சாமி."

"அதே பாட்டா? கடையெல்லாம் அடைக்கறான் பாருங்கோ. அந்த வார்த்தையை என் வாயால சொல்ல வெக்காதீங்கோ. மாப்பிள்ளையோட அம்மா கார்ல கண்ணைத் தொடச்சிண்டிருக்கா."

"செபஸ்தியான், கொஞ்சம் ஒக்காருறியா?" என்றார் பாய்.

அண்ணன் தலையை ஆட்டினார். பேச மூச்சில்லை. கிளாரினெட்டை மறுபடி வாயில் வைத்தார்.

"சந்தை," என்றார் பாய் என்னிடம், "நீ தள்ளு. பின்னால இருந்து அவனைத் தள்ளிக்கிட்டே போ."

தள்ளினேன். என் மூச்சைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஊதினேன். பாய் இந்தத் தடவை குதிகாலைப் பார்க்கவில்லை, என்னைக் கேட்டு அடித்தார். அண்ணனின் கால் எங்கள் அடிக்குப் பின்னால் ஓடி வந்து சேர்ந்துகொண்டது. பாதி வடக்கு வீதி, முழுக் கீழ வீதி. கீழ வீதி முனையில் என் ஊர் ஆட்கள் ஒன்பது பேரும் நின்று கை தட்டினார்கள். நான் இன்னும் ஓங்கி ஊதினேன்.

ஏழு இருபதுக்கு ஊர்வலம் முடிந்தது. அண்ணன் கல்யாண மண்டபத்துப் படியில் உட்கார்ந்து கிளாரினெட்டைத் துண்டு துண்டாகக் கழற்றித் துணியால் துடைத்தார். துணியில் சிவப்பு. அதை உள்பக்கமாக மடித்துப் பெட்டியில் வைத்தார்.

"வெத்தல போட்டேன்" என்றார், நான் கேட்காமலே. அவர் வெற்றிலை போட்டு நான் பார்த்ததே இல்லை.

திரும்பும்போது எட்டு ஐந்து பஸ். பாலத்தில் காற்று வந்தது. ஜன்னல் ஓரம் அவரை உட்கார வைத்தோம். பாதிப் பாலத்தில் மெல்லச் சொன்னார். "நீ ஊதுன ஊதுல மாப்பிள்ளை காரு தானா ஓடுச்சுடா. டிரைவர் பெட்ரோல் மிச்சம்னு சொன்னாரு." இதை நான் ஊரில் பல தடவை சொல்லியிருக்கிறேன். அடுத்து அவர் இருமியதைச் சொன்னதில்லை.

ஒன்பதாவது நாள் செத்துப்போனார்.

உறையூரிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு ஒன்றேகால் மைல். பெட்டிக்கு முன்னால் நாங்கள் பத்துப் பேர். வழக்கப்படி முதல் வரிசையைக் காலியாக விட்டோம். பாய் குச்சியைத் தூக்கினார், இடுக்கு வழியாகப் பார்த்தார், இறக்கினார். மறுபடி தூக்கினார். அடிக்க வரவில்லை. பார்ப்பதற்குக் குதிகால் இல்லை.

"நீ முன்னால போ," என்றார் என்னிடம். "ஒன் காலைப் பாத்து அடிக்கிறேன்."

போனேன். அதே மெட்டு, நிமிஷத்துக்கு ஐம்பது. முனை திரும்பும்போது பின்னால் பார்த்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் அண்ணனின் மனைவி லூர்து அண்ணி நடந்து வந்தார். அழவில்லை. மெதுவாக நடந்துகொண்டிருந்த என் காலைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் திரும்பிக்கொண்டேன். அந்த வருஷக் கடைசியில் யூபோனியத்தைப் பாயிடமே கொடுத்துவிட்டேன். மணப்பாறையில் எல்லாரிடமும் வாய்ப்புண் என்று சொன்னேன்.

சரி, கேட்டவருக்குப் பதில். உறையூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வேன் எடுத்துக்கொள்ளுங்கள், சத்திரத்தில் மாறி ஏற வாத்தியங்களோடு முடியாது. முகூர்த்த நாளில் பாலத்தில் நெரிசல் இருக்கும், ஒரு மணி நேரம் கூட வைத்துக்கொள்ளுங்கள். முந்தின வாரமே போய் நான்கு வீதியையும் வெறும் கையோடு ஒரு சுற்று நடந்து பாருங்கள். நடக்க ஒரு பாட்டு, நிற்க ஒரு பாட்டு என்று வையுங்கள், ஒரே பாட்டை இரண்டு வேலைக்கும் வைக்காதீர்கள். உங்களில் யாருக்காவது மூச்சு சரியில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தால், அவர் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். அவரே வருகிறேன் என்றாலும் விட்டுவிட்டுப் போங்கள்.

இதைத் தட்டிவிட்டு அரை நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். மேலே ஒரு இடம் நான் சேர்த்தது. ரயிலைக் கிளப்பினதைச் சொல்லவில்லை, அது உங்களுக்கே தெரியும். டீக்கடையைச் சொல்கிறேன். அண்ணனை நான் டீக்கடையில் பார்க்கவில்லை, வர வேண்டாம் என்று யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லி, அந்த டீயின் ருசிகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை நான்கேகால் மணிக்கு நான் இருந்தது அவர் வீட்டில். அவர் இல்லாவிட்டால் ஸ்ரீரங்கம் இல்லை, ஸ்ரீரங்கம் இல்லாவிட்டால் ஊரில் நான் தலை காட்ட முடியாது. கூட்டிக்கொண்டு போகத்தான் போனேன். அண்ணன் கோரைப்பாயில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து பெட்டியைத் தேடினார். லூர்து அண்ணி கையில் கஞ்சி டம்ளரோடு வாசலை மறித்து நின்றார்.

"இன்னிக்குத்தான் தம்பி இருமல் கொஞ்சம் கொறஞ்சிருக்கு. நீங்க எப்பவும் வாசிப்பீங்களே, மெதுவா நடந்துக்கிட்டு, அந்தப் பாட்டுத்தானா?"

"அதேதான் அண்ணி," என்றேன். "மெதுவாத்தான் போவோம்."

அவர் வழி விட்டார்.