போன வருஷத்து கேஸ் எங்கே போனது?

நாளை மகளையும் பிறந்து பத்து நாளான பேரனையும் சென்னையிலிருந்து காரில் அழைத்து வர வேண்டும். இன்று பார்த்து ஏசியில் சூடான காற்று வருகிறது.

கே.ஜி.கண்டிகை மெக்கானிக் பாபு மீட்டரை மாட்டிப் பார்த்தார். “கேஸ் காலி சார். ஏத்திக்கினு போங்க.”

போன ஏப்ரலில் அவர்தான் ஏற்றினார். என் குறிப்பேட்டில் இருக்கிறது. பெட்ரோல் போல எரிந்து தீருகிற பொருளும் இல்லை. பின் எங்கே போயிருக்கும்? கேட்டால் அவரைச் சந்தேகிப்பதாக நினைப்பாரோ என்று பத்து நிமிடம் தயங்கிவிட்டு, கேட்டேன்.

“ஆங், பாத்துடலாம் சார்,” என்று கொஞ்சம் கேஸ் விட்டு, இணைப்புகளில் சோப்பு நுரை தடவினார். நானும் குனிந்துகொண்டேன். கேஸ் ஏற்றும் வாயில் ஒரு குமிழி மெல்லப் பெருத்து உடைந்தது.

“இதோ கீது பாருங்க! வால்வு லேசா கசியுது. இதும்மேல ஒரு கறுப்பு மூடி இருக்கணுமே, இன்னா ஆச்சு?”

டேஷ்போர்டுக்குள்ளிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினேன். மேலே என் கையெழுத்து: ‘கேஸ் ஏற்றிய மறுநாள் நம் வீட்டு ஷெட்டில் கிடந்த கறுப்பு மூடி. எதனுடையதென்று தெரியவில்லை.’

பாபு உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நான்தான் சரியா முடுக்கல சார், ஒத்துக்கிறேன். அதுக்காக ஒரு வருஷம் பத்திரமா வெச்சிகினு, ஒரு போன் பண்ணக்கூடாதா?”

தொந்தரவாக இருக்குமே என்று நினைத்தேன்.

வால்வை மாற்றி, மூடியை இறுக்கி, கேஸ் ஏற்றியாயிற்று. கார் குளிர்கிறது, பேரன் வரலாம்.

வீட்டில் இப்படி இன்னும் நான்கு உறைகள் இருக்கின்றன. இங்கே படம் போட்டால், எது எதனுடையது என்று யாராவது சொல்வீர்களா?