இருபது பல் கொண்ட பன்றி

1962 நவம்பர் 6, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு இருபது. இரவு பெய்த மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. உருத்திரபுரத்தில் எனக்குக் கிடைத்த மேட்டுக்காணியில் நட்ட நாற்பது தென்னங்கன்றுகளில் ஒன்பது பாழாகியிருந்தன. இரண்டின் குருத்தை வண்டு துளைத்திருந்தது. மற்ற ஏழையும் முள்ளம்பன்றி அடியில் கடித்துச் சரித்திருந்தது.

எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் எட்டு மணிக்குச் சைக்கிளில் வந்தார். கம்பிக் கொக்கியால் குருத்துக்குள் இருந்த வண்டை இழுத்தெடுத்து உள்ளங்கையில் வைத்தார். கால் ஆறு, பூச்சி. அதைக் கொல்ல யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று கொக்கியை என்னிடமே தந்துவிட்டார். முள்ளம்பன்றியைச் சுடுவதென்றால் அனுமதி வேண்டும். அதற்கு அவருடைய கடிதம் வேண்டும். கடிதத்தில் அவர், "எலி இனத்தைச் சேர்ந்த கொறிக்கும் பிராணி" என்று எழுதினார்.

வனவிலங்கு அலுவல் பார்க்கிற கந்தோரில் இலிகிதர் சிரித்தார். "பண்டிக்கெண்டால் அனுமதித் துண்டு தரலாம். எலிக்கும் துவக்குக் கேக்கிறியளே? விவசாயக் கந்தோருக்குப் போங்கோ." அங்கே எலிப் பாஷாணம் கொடுக்கிறவர் கடிதத்தை வாசிக்கவேயில்லை. "முள்ளுப்பண்டியோ? பேரிலயே பண்டியெண்டு கிடக்கு. அது அவையளின்ர அலுவல்."

பதின்மூன்று நாட்கள், நான்கு பஸ் பயணங்கள். திரும்பவும் போதனாசிரியரிடம் போய் நின்றேன். "ஒரு சொல்லை மாத்துங்கோ ஐயா. பண்டியெண்டு போட்டால் காணும்."

அவர் அலுமாரியிலிருந்து முள்ளம்பன்றியின் மண்டையோடு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். "பல்லை எண்ணும் ஐசே. பண்டிக்குக் கோரைப்பல் இருக்கும். இதில இருக்கே? நான் பொய் எழுத மாட்டன்."

எண்ணினேன். இருபது. கோரைப்பல் இல்லை.

வீட்டில் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "எலியோ பண்டியோ, இஞ்ச தென்னங்கண்டு முடியப்போகுது. நீங்கள் பல்லெண்ணிக்கொண்டு இருங்கோ!" வேலி கட்டினேன், அது வேலிக்கடியில் மண்ணைக் கிண்டி வந்தது.

அண்மையில் மகள் கைபேசியில் தேடி வாசித்துக் காட்டினாள். முள்ளம்பன்றி எலிக்கு உறவுதானாம். இப்போதைக்கு அழியும் ஆபத்தும் இல்லையாம். அந்த வண்டின் நிலையை யாரும் மதிப்பிட்டதாக அவளுக்கு அகப்படவில்லை. கேளாமல் கொல்லக்கூடியதை யார் எண்ணப்போகிறார்கள்? போதனாசிரியர் ஓர் எழுத்தைக்கூடப் பிழையாக எழுதவில்லை. எனக்கு இன்றும் எரிச்சல் அதுதான். பிழையென்றால் திட்டியாவது ஆறியிருப்பேன். அவருடைய அந்தச் சரியான சொல்லுக்கு நான் கொடுத்தது, வண்டு தின்ற இரண்டையும் முதலில் சரிந்த ஏழையும் சேர்க்காமல், மிச்சமிருந்த முப்பத்தொரு தென்னங்கன்றுகள்.