கடல் போயிருந்த மத்தியானம்

எங்கள் அப்பாவுக்கு வாகனத்தை இடையில் நிறுத்துவது பிடிக்காது. மொன்றியலில் இருக்கும் கோயிலுக்குப் போவதென்றால் ஸ்காபரோ வீட்டிலிருந்து வெளிக்கிடும்போதே எல்லோரும் ஒருமுறை கழிப்பறைக்குப் போய்வந்துவிட வேண்டும். விட்பி தாண்டுவதற்குள் அண்ணாவுக்குத் தண்ணீர் விடாய்க்கும். "அங்கை போய்க் குடிக்கலாம்" என்பார் அப்பா. அங்கை என்பது இன்னும் ஐந்து மணித்தியாலம்.

அப்படிப்பட்டவர், எனக்கு ஒன்பது வயதான கோடையில், எங்கள் வான் வண்டியின் பின்னால் சக்கரம் பூட்டிய வீடுபோன்ற ஒரு கரவனைக் கொழுவி இழுத்துக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். அது ஸ்ரௌவ்வில்லில் புதுவீடு வாங்கியிருந்த அவருடைய நண்பருடையது. வீட்டோடு கரவனும் வாங்கிய அந்த அங்கிள் ஒரேயொரு தடவைதான் அதில் பயணம் போயிருந்தார். உள்ளே அடுப்பைக் கண்டதும் அவர் மனைவி, "லீவிலை வந்தும் நான்தானோ சமைக்கவேணும்?" என்று கேட்டுவிட்டாராம். அதன்பிறகு அது வீட்டு முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டு நின்றது.

"பிள்ளையளுக்குக் கடல் காட்டவேணும்" என்றார் அப்பா.

அம்மா வர விரும்பவில்லை. ஊரில் யுத்தம் முடிந்து ஒரு வருடம் கழிந்திருந்தது. அம்மாவுக்கு ஒரேயொரு தம்பி, என்னுடைய மாமா. கடைசி மாதங்களில் அவர் எங்கே போனார், என்னவானார் என்று ஒருவருக்கும் தெரியாது. அவருடைய படத்தை அம்மா பிளாஸ்ரிக் உறையில் போட்டுக் கைப்பைக்குள் வைத்திருந்தார். அகதி முகாமிலிருந்து யாராவது புதிதாக வந்து மார்க்கம் நகரில் இறங்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் அடுத்த சனிக்கிழமை நாங்கள் அந்த வீட்டில் இருப்போம். இரண்டு பேர், அவர் இல்லையாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். அம்மா அவர்களிடம் கேட்டது ஒரு கேள்விதான். "நீங்கள் கண்ணாலை கண்டனீங்களோ?" இல்லை, சொல்லக் கேள்விப்பட்டது என்பார்கள். அம்மா படத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணியை மிச்சம் விடாமல் குடிப்பார்.

எப்படியோ அப்பா அம்மாவைச் சம்மதிக்க வைத்தார். நியூ பிரன்ஸ்விக் கடற்கரை இரண்டு நாள் ஓட்டம். எங்களுக்கு ஐந்து நாள் பிடித்தது. காரணம், அப்பா நிறுத்தினார். சீஸ் கடையைக் கண்டால் நிறுத்தினார், ஆற்றைக் கண்டால் நிறுத்தினார். கூரை போட்ட மரப்பாலம் ஒன்றில் எங்களை இறக்கி அங்குமிங்கும் இரண்டு தரம் நடக்கவிட்டு, அதைக் கட்டிய விபரம் எழுதிய பலகையை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை வாசித்தார். ஓர் உருளைக்கிழங்குத் தோட்டத்தின் ஓரத்தில் முக்கால் மணித்தியாலம் நின்றோம். அங்கே பார்ப்பதற்கு உருளைக்கிழங்குகூட இல்லை, அது மண்ணுக்குள் இருந்தது.

"உங்களுக்கு என்னப்பா நடந்தது?" என்று அம்மா கேட்டார். அப்பா, "இல்லை, சும்மா" என்றார்.

எனக்கு இது பெரிய மர்மமாகிவிட்டது. கரவன் பாரமானபடியால் வான் மாடுபோலக் களைத்துவிடுகிறது என்பது என்னுடைய முதல் ஊகம். அதைச் சோதிக்க ஒவ்வொரு தரிப்பிலும் இறங்கி முன்பக்கத்தைத் தொட்டுப்பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டேன். பதினாலு வயது அண்ணாவிடம் கேட்டபோது, காதிலிருந்த வயரைக் கழற்றாமலே, "ஹீ இஸ் கெற்றிங் ஓல்ட்" என்றான். கடைசி இரவு கரவனை நிறுத்தித் தங்கிய இடத்திலிருந்து கடற்கரைப் பட்டணத்துக்கு ஒரு மணித்தியாலம்தான். அங்கேயும் அப்பா காலையில் வாளியும் துணியும் எடுத்துக் கரவனின் நாலு பக்கத்தையும் கழுவினார். அம்மா படியில் இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டணத்தில் ஒரு தெருதான். ஒரு தேவாலயம், ஒரு மீன் தொழிற்சாலை, மூலையில் ஐஸ்கிரீம் கடை. அப்பா யாரிடமும் வழி கேட்காமல் நேரே ஒரு நீலநிற வீட்டின் முன்னால் போய் நிறுத்தினார். கதவைத் திறந்தது ஒரு தமிழ் அன்ரி. கனடா முடிகிற இடத்திலும் ஒரு தமிழ் வீடு இருப்பதைக் கண்டு நான் வாயைப் பிளந்தேன். அவ அம்மாவைப் பார்த்தபடி நின்றா. பிறகு, "வாங்கோக்கா" என்று கையைப் பிடித்தா. புருஷன் மீன் தொழிற்சாலையில் வேலைக்குப் போயிருக்கிறார், தானும் மகளும் இங்கே வந்து நாலு மாதம்தான் என்றா. இருந்தாற்போல் மகளைக் கூப்பிட்டு, "இந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் வள்ளங்களைக் காட்டு" என்றா.

மகளுக்கு என்னைவிட ஒரு வயது குறைவு. துறைமுகத்துக்கு ஓடினோம். அங்கே கடல் இல்லை.

உண்மையாகவே இல்லை. இறங்குதுறையின் விளிம்பிலிருந்து எட்டிப்பார்த்தால், கிணற்றுக்குள் பார்ப்பதுபோல ஆழத்தில் சேறு. மீன்பிடி வள்ளங்கள் அந்தச் சேற்றில் சரிந்து படுத்திருந்தன. பாசி பிடித்த இரும்பு ஏணி ஒன்று கீழே இறங்கிப் போனது. ஏதோ பெரிய நாசம் நடந்துவிட்டது, நாங்கள்தான் முதலில் கண்டுபிடித்திருக்கிறோம் என்று நினைத்தேன்.

"பயப்பிடாதை. தண்ணி வத்தி வெளியாலை போயிட்டுது. பின்னேரம் வரும்" என்றாள் அவள். "நேரம் எழுதின பேப்பர் எங்கடை பிரிட்ஜிலை ஒட்டியிருக்கு."

"அப்ப மீன்?"

"அதுகும் போயிட்டு வரும்."

தண்ணீர் போகும்போது யார் இழுக்கிறார்கள், போய் எங்கே நிற்கிறது, வருகிறபோது அதே தண்ணீர்தான் வருகிறதா என்றெல்லாம் கேட்டேன். அவள் ஒரு கல்லைப் பொறுக்கித் தந்தாள். கல்லெறிந்தோம். கல் சேற்றில் விழுந்து 'ப்ளக்' என்றது. எவ்வளவு நேரம் அப்படி எறிந்தோமோ தெரியாது.

அந்த நேரம் வீட்டுக்குள் நடந்ததைப் பல வருடங்களுக்குப் பிறகு அண்ணாதான் சொன்னான். காதில் வயரோடு மூலையில் கிடந்தவனை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவன் பாட்டை நிற்பாட்டிவிட்டிருந்தான். அம்மா பழக்கப்படி படத்தை எடுத்து மேசையில் வைத்தார். அன்ரி அதைத் தொடவில்லை. யுத்தத்தின் கடைசிக் கிழமை அவரும் நாங்களும் பக்கத்துப் பக்கத்துத் தறப்பாள் கொட்டிலில் இருந்தோம் என்றா. அம்மா தன் கேள்வியைக் கேட்டார்.

"கண்ணாலை கண்டனீங்களோ?"

"ஓமக்கா. நான்தான் கண்ணை மூடிவிட்டனான்."

அம்மா அழவில்லையாம். இன்னும் இரண்டு கேள்விதான் கேட்டாராம். என்ன சேட்டுப் போட்டிருந்தவன்? சாப்பிட்டிருந்தவனோ? நீலச் சேட்டு என்றும், காலமை கஞ்சி குடித்தவர் என்றும் அன்ரி சொன்னாவாம்.

இது ஒன்றும் தெரியாமல் நான் கல்லெறிந்துகொண்டு நின்றேன். பெரியவர்கள் துறைமுகத்துக்கு வந்தபோது ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "அம்மா, கடல் போயிட்டுது! வந்து பாருங்கோ!" அம்மாவின் முகம் கழுவி ஈரமாயிருந்தது. விளிம்பில் கிடந்த பெரிய மரக்குற்றியில் இருந்துகொண்டு சேற்றைப் பார்த்தார். நான் நினைத்ததைவிடக் கூடுதலான நேரம் பார்த்தார். கடைசியில் அம்மாவுக்கும் இந்தப் பயணம் பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அப்பா நாலு அடி தள்ளி, எங்கே நிற்பது என்று தெரியாதவர்போல நின்றார்.

அம்மா திரும்பாமலே கேட்டார். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

அப்பாவும் சேற்றைத்தான் பார்த்தார். "ஆனியிலை. இவதான் போன் பண்ணினவ."

"ரெண்டு மாசமாத் தெரியுமோ?"

"ஓம். நான் சொன்னால் நீர் நம்பமாட்டீர் எண்டு..."

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. கடல் இப்படிக் காணாமல் போகும் என்று இரண்டு மாதமாக இவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அன்ரி போன் பண்ணிச் சொல்லியிருக்கிறா. பள்ளிக்கூடம் மூட முதல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பேன். அப்பாவுக்கு முன்னால் போய் நின்று, "என்னட்டையாவது சொல்லியிருக்கலாம்தானே அப்பா?" என்றேன்.

அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்து, முகத்தை என் முதுகில் வைத்துக்கொண்டார். மூச்சு சட்டையினூடாகச் சுட்டது. அப்பா குனிந்து என் கண்ணைப் பார்த்து, "பிழைதான் பிள்ளை" என்றார்.

அப்பா ஒருவரிடமும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பரவாயில்லை, இனிமேல் இப்படிச் செய்யக்கூடாது என்று சொல்லி அவரை மன்னித்தேன்.