தெளியவிடாத தண்ணீர்

வண்ணார்பேட்டையில் ஆற்றங்கரையை ஒட்டிய சரிவுத் தெருவில் வடிவம்மாளுக்கு ஒரு மாவு மில் இருக்கிறது. கணவர் போனபின் பதினாறு வருடமாகத் தனியாளாக நடத்துகிறாள். மிளகாய் திரித்துத் திரித்துக் கோபக்காரி ஆகிவிட்டாள் என்று தெருவில் ஒரு பேச்சு. கோபம் மில்லுக்கு முன்பே இருந்தது என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த மார்கழியில் தாமிரபரணி தெருவுக்குள் புகுந்தபோது, மோட்டாரை மட்டும் கழற்றிப் பரணில் ஏற்ற முடிந்தது. மாவு மிசின் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியது. அது தண்ணீருக்குள் முங்கிவிட்டது. மகள் தேன்மொழியோடு மாடியில் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த மிசினைத் தவிர வேறு நினைப்பில்லை. முன்பு ஒரு வெள்ளத்தில், தண்ணீர் தெளியட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தாள். வாழ்க்கையில் அவள் பொறுமை காட்டியது அந்த ஒரு தடவைதான். தண்ணீர் தெளிந்தது. அதிலிருந்த வண்டல் அத்தனையும் அடியில் படிந்து இறுகி, பதினோரு நாள் கடப்பாரையால் கொத்தியும் மிசினின் பேரிங் போய்விட்டது. இன்னொரு தடவை அப்படி ஆனால் மில்லை மூட வேண்டியதுதான்.

மறுநாள் விடியும்வரை தெருவில் ஆறு ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு வேகம் தணிந்து, கீழே மில்லுக்குள் நின்ற முழங்காலளவுத் தண்ணீர் வாசல் வழியாக மெல்ல வடிய ஆரம்பித்தது. வடிவம்மாள் இறங்கிக் கையை விட்டுப் பார்த்தாள். கூழ் மாதிரி கெட்டி. கனமான மணல் முதலிலேயே இறங்கிக் காலடியில் நறநறத்தது. நைசான வண்டலோ, துகளோடு துகள் முட்டிக்கொண்டு, இறங்க வழியில்லாமல் இன்னும் தண்ணீரிலேயே நின்றது. போகிற தண்ணீரோடு அதை அனுப்ப இதுதான் நேரம். தென்னை மட்டையை எடுத்துக் கலக்க ஆரம்பித்தாள். தேன்மொழி விளக்குமாற்றால் வாசலுக்குத் தள்ளினாள்.

எதிர்வீட்டு மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த அப்பாத்துரை அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்தது.

"வடிவு, தெளியப்போற தண்ணியப் போயி ஏம்மா கலக்குத?"

"தெளிஞ்சா சகதி நம்ம வீட்டுலல்லா உக்காரும், அண்ணாச்சி. கலங்கி நிக்கும்போதே அனுப்பிரணும்."

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ராத்திரி முழித்த அசதிக்கு மதியம்வரை தூங்கப் போனார்.

மதியத்துக்குள் வடிவம்மாளுக்குத் தோள் இரண்டும் மரத்துவிட்டன. தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியும் தரை தெரியவில்லை. பயந்து பயந்து மிசினுக்கு அடியில் காலை விட்டுத் துழாவினாள். வழவழவென்று சிமெண்டுத் தரை தட்டியது. போல்ட் தலைகள் ஒவ்வொன்றாக விரலில் பட்டன, நாலும். அப்படியே ஈரத்தில் உட்கார்ந்து அழுதாள். தேன்மொழி பதறி ஓடிவந்தாள்.

"ஒண்ணுமில்லட்டி. பொழச்சோம்."

கரண்ட் வந்த அன்று மில் ஓடியது. அந்தச் சத்தம் கேட்டு முழங்கால்வரை சகதியோடு அப்பாத்துரை வந்து நின்றார். அவர் வீட்டில் தண்ணீர் நன்றாகத் தெளிந்து வடிந்திருந்தது. ஒரு சாண் வண்டல் மட்டும் பாக்கி. அந்த மட்டையைக் கொஞ்சம் தரமுடியுமா என்று கேட்டார்.

வடிவம்மாள் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, கதவுக்குப் பின்னாலிருந்த பழைய கடப்பாரையை எடுத்து நீட்டினாள்.

"மட்டை இனி ஆவாது அண்ணாச்சி, இத வச்சுக்கிடுங்க. பதினோரு நாள் கழிச்சுப் பைய குடுத்தாப் போதும்."