கிறீஸ் பூசிய மேதை

முல்லைத்தீவுக் கரையில் அந்தோனி அண்ணர் தன் வள்ளத்துக்குப் புதிய புரொப்பெல்லர் பூட்டிக்கொண்டிருந்தார். நுனி ஒடுங்கிய எஞ்சின் தண்டைப் பசையில்லாமல் துடைத்துவிட்டு, பள்ளிக்கூட வாத்தியாரான என்னிடம், "மாஸ்ரர், இதைத் தண்டிலை செருகிவையுங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து இறுக்கிறன்" என்றார். தண்டும் புரொப்பெல்லரும் உலர்ந்து கவ்வினால்தான் பிடி என்பது எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காதது. சுலபமாக ஏறட்டுமென்று வழுவழுப்பான கிறீஸ் பூசியே செருகினேன்.

மறுநாள் கடலில் அது வழுக்கிக் கழன்று போனது. அவர் துடுப்பு வலித்துக் கரைசேர மத்தியானமாகிவிட்டது.

"ஆரப்பா பூட்டினது?" என்று அவர் மனைவி கத்தினா.

தண்டிலிருந்த கிறீஸை விரலால் தொட்ட அண்ணர் என்னைப் பார்த்தார். "நான்தான். வடிவா இறுக்கேல்லை."

அடுத்த புரொப்பெல்லர் வந்த அன்றுதான் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும் மாஸ்ரர். இந்தாங்கோ, துடையுங்கோ" என்று பழந்துணி ஒன்றைத் தந்தார்.

அவர் "காணும், போதும்" என்ற பிறகும் துடைத்துக்கொண்டிருந்தேன்.